தோல் தொழிலாளர் சட்டம் படிக்க என்ன வழி? தன்னார்வலர் பயிற்சி முதல் சட்டப் பட்டம் வரை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தோல் தொழில் பகுதியில் சட்டப் பணி செய்யும் நம்மிடம் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று: டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போய்க்கொண்டே சட்டம் படிக்க முடியுமா? முடியும். ஆனால் எந்தப் படிப்பு எந்த உரிமையைத் தருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ‘பாரா லீகல்’ என்ற பெயரில் பெறும் எந்தச் சான்றிதழும் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையைத் தராது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி அவ்வுரிமை பார் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களுக்கே உண்டு. வேறு வாக்குறுதி தந்து கட்டணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

முதல் வழி: சட்டத் தன்னார்வலர்

தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் சட்டத் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விரும்பத்தக்க தகுதி. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் அடையாள அட்டையும் வழங்குகிறது. பணி நாட்களுக்கு மதிப்பூதியம் உண்டு. மாதச் சம்பளம் இல்லை. உதவி பெறுவோரிடம் பணமோ பொருளோ வாங்கக் கூடாது.

மக்களை இலவச சட்ட உதவியோடு இணைப்பதே தன்னார்வலரின் முதன்மைப் பணி. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, பிரிவு 12 இன்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி வழக்கறிஞர் கிடைப்பார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பணிபுரியும் தலித் பெண்ணுக்கு இவ்வுரிமை மூன்று வழிகளில் உண்டு. வீட்டிலிருந்தபடி பீஸ் ரேட்டில் மேல்தோல் தைக்கும் பெண்ணைத் ‘தொழிலாளி’ அல்லர் என்று முதலாளி மறுக்கலாம். அப்போதும் மற்ற இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன. இதை அவரிடம் சொல்ல அந்தத் தெருவில் ஒருவர் வேண்டும்.

வழக்கறிஞர் அல்லாதவர் துணை நிற்கக்கூடிய இடங்கள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அது சேர்த்த பிரிவு 15அ, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் துணையைப் பெறுவதைப் பாதிக்கப்பட்டவரின் உரிமையாக்கியது. காவல் நிலையத்தில் “நீ யார்?” என்று கேட்கப்படும்போது சொல்ல வேண்டிய பிரிவு இதுவே. அங்கே கவனிக்க வேண்டியவை:

• வாய்மொழிப் புகாரை எழுதிய பின், கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தர வேண்டும்.
• அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை.
• புலன் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.
• பிணை விசாரணை உட்பட நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றிய முன்னறிவிப்பு பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டும்.

தொழில் தகராறுகளில் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி உறுப்பினருக்காக முன்னிலையாகலாம். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை.

ஏன் இப்போது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுக இருந்த மூன்றாண்டுக் காலவரம்பு இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கை நம்பிக் காத்திருப்பவர் வழக்கையே இழப்பார். மறுபுறம், பணி நியமனக் கடிதம் இப்போது கட்டாயமாகியுள்ளது.

அந்தக் காகிதத்தின் மதிப்பை இப்பகுதி அறியும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இத்தகைய விபத்துகளில் இறந்தவர் அங்கு வேலை செய்தார் என்பதை நிறுவுவதே குடும்பத்தின் முதல் போராட்டமாகிறது.

தீர்ப்பு வந்தபின்னும் இப்பணி முடிவதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் தீர்ப்பு அது. ஆயினும் இழப்பீட்டை வழங்கி முடிக்குமாறு 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மனு எழுதவும் பட்டியலைச் சரிபார்க்கவும் ஊர்தோறும் ஆட்கள் தேவைப்பட்டனர். இன்றும் தேவைப்படுகின்றனர்.

பட்டயமும் பட்டமும்

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாரா லீகல் பணிக்கான பட்டயப் படிப்பைத் தொலைநிலையில் உருவாக்கியது. தொண்டு நிறுவனப் பணிக்கும் தொழிற்சங்கப் பணிக்கும் அது உதவும், வழக்கறிஞராக ஆக்காது.

வழக்கறிஞராக விரும்புவோர் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் இளநிலைப் பட்டத்தில் 40 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பை முறைப்படி முடித்து, அஞ்சல் வழியில் பட்டம் பெற்றவரும் சேரலாம். அடிப்படைப் பள்ளித் தகுதியின்றித் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் பெற்றவர் சேர முடியாது. இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

சட்டப் பட்டத்தை மட்டும் அஞ்சல் வழியில் பெற்றால் பார் கவுன்சில் ஏற்காது. பாடந்தோறும் 70 விழுக்காடு வருகையும் தேவை. வேலூரில் 2008 முதல் அரசு சட்டக் கல்லூரி இருந்தும், பகல் ஷிப்ட் தொழிலாளிக்கு அது எட்டாத் தொலைவில் இருப்பதற்குக் காரணம் இதுவே. கட்டணத்தை விடப் பெரிய தடை இழக்கும் கூலி.

நமது நிலைப்பாடு

தன்னார்வலர் பணி தலித் தொழிலாளிக்கான எல்லையாக வரையறுக்கப்படுவதை நாம் ஏற்கவில்லை. சேரி இளைஞர் மனு எழுதுபவராகவும், பிறர் வாதாடுபவராகவும் நிலைத்துவிட்டால் பழைய வேலைப் பிரிவினையே நீதிமன்ற வளாகத்தில் தொடரும். எனவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். தன்னார்வலர் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிலாளர் குடியிருப்புகளிலேயே நடத்த வேண்டும். எல்.எல்.பி. சேரும் தொழிலாளிக்குக் கூலி இழப்பை ஈடுசெய்யும் உதவித்தொகையை அரசு வழங்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களில் ஒருவரையாவது படிக்க அனுப்பி, அவர் வீட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வர வேண்டும்.