புதுசைப் பழசாக்கும் வித்தை

புத்தம் புது எலெக்ட்ரிக் கிட்டாரின் பெயின்டைச் சுரண்டி, உலோகப் பாகங்களை மங்க வைத்து, அதைக் கூடுதல் விலைக்கு விற்பார்களா? விற்கிறார்கள்! அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1995-ல் 'ரெலிக்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. வாங்குபவருக்கும் அது புதுசு என்று தெரியும் என்பதால் இதில் மோசடி இல்லை.

நம் பக்கம் இந்த வித்தை சிலைகளில் நடந்தது. புதிதாக வார்த்த சிலைக்கு அமிலம் பூசி மண்ணில் புதைத்து வைத்தால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பிறகு அது 'சோழர் காலம்'! மண்ணுக்குள் இருந்து வந்தது என்றாலே தனி மவுசுதான். அருப்புக்கோட்டை அருகே 2008-ல் மண்ணில் கிடைத்த ஐம்பொன் சிலைகளைக் காவலர்களே விற்றுவிட்டதாக 2017-ல் வழக்குப் பதிவானது.

இதைவிட விசித்திரமானது சிவபுரம் நடராஜர் கதை. கும்பகோணம் அருகே உள்ள அந்த ஊரில் 1951-ல் மண்ணுக்குள் இருந்து சோழர் கால நடராஜர் கிடைத்தார். 1954-ல் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். பாவம், ஊர் மக்கள் அதையே கும்பிட்டு வந்தார்கள். கோயிலில் இருப்பது புதுசு என்று 1965-ல் தன் நூலில் எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். கடல் கடந்து இருந்தவருக்கு அது தெரிந்திருக்கிறது!

அசல் சிலை மும்பை வழியாக அமெரிக்கா போனது. 1973-ல் நார்ட்டன் சைமன் அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குப் போட்டது. 10 ஆண்டுகள் அவரது அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்று சமரசம் ஆகி, 1986-ல்தான் நடராஜர் இந்தியா திரும்பினார்.