தாய்வழியும் தளையும்: அடிமைகளின் விடுதலை வழக்குகள் பற்றிய ஒரு நோக்கு

கல்முனையிலும் அதனை அடுத்துள்ள கரையூர்களிலும் ஒருவரது குடி யாதென வினவினால், அவர் தம் தாயின் குடியையே கூறுவார். தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இவ்வழக்கம் பொதுவானது. கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்காயர் ஆகிய பதவிகள் நெடுங்காலமாகக் குடிவழியே பகிரப்பட்டு வந்தன. வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்கின்றான். எனவே தாய்வழி என்றதும் உரிமை, உறைவிடம், உறவு என்பனவே இப்பிரதேசத்து வாசகருக்கு முதலில் நினைவுக்கு வரும்.

ஆனால் தாய்வழி என்ற இதே விதி, மனித வரலாற்றின் மிகக் கொடிய சொத்துறவு ஒன்றுக்கும் அடித்தளமாக இருந்துள்ளது. அடிமைப் பெண்ணின் வயிற்றிற் பிறந்த பிள்ளை, தந்தை யாராயினும், அடிமையே என்பது அந்த விதி. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் வட அமெரிக்கக் குடியேற்றங்களின் சட்டங்களிலும் இவ்விதி ஏறத்தாழ ஒரே வடிவிற் காணப்படுகின்றது. அடிமைகள் நீதிமன்றம் சென்று விடுதலை கோரியபோது எவ்வகையான வாதங்களை முன்வைக்க முடிந்தது, அவ்வாதங்கள் யாரை விடுவித்தன, யாரைக் கைவிட்டன என்பவற்றை இவ்விதியின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிறப்பைச் சான்றாக்கிய வழக்குகள்

வேர்ஜீனியாக் குடியேற்றத்தின் சட்டசபை 1662-ஆம் ஆண்டிலே, பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது எனச் சட்டம் இயற்றியது. ஆங்கிலப் பொதுச் சட்டத்திலே பிள்ளை தந்தைவழியே கணிக்கப்பட்டது. அந்த மரபை விட்டுவிலக வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? வெள்ளை எசமானர்களுக்கு அடிமைப் பெண்களிடத்துப் பிறந்த பிள்ளைகள் தந்தைவழியே கணிக்கப்பட்டிருப்பின் உழைப்புப் படை குறைந்திருக்கும். புதிய சட்டத்தின்படியோ எசமானனின் வன்முறைகூட அவனது சொத்தைப் பெருக்கிற்று. பெண்ணின் கருப்பை இவ்வாறு உற்பத்திச் சாதனமாகவும் உடைமை உறுதியாகவும் மாற்றப்பட்டது.

ஆயினும் எந்தச் சட்டமும் தன் தருக்கத்தின் மறுபக்கத்தை முற்றாக மறைத்துவிட முடியாது. அடிமைத் தாயின் பிள்ளை அடிமை எனில், சுதந்திரத் தாயின் பிள்ளை சுதந்திரமானது என்பதும் பெறப்படும். மேரிலாந்திலே எழுந்த பட்லர் குடும்பத்தின் வழக்குகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். எலினர் பட்லர் என்ற ஐரிஷ் பணிப்பெண் 1681-இல் சார்ள்ஸ் என்ற அடிமையை மணந்தாள். அவர்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாகவே வைக்கப்பட்டனர். அவர்களுள் வில்லியம், மேரி என்னும் தம்பதியர் 1770-இல் மாகாண நீதிமன்றத்திலே வென்றனர். 1771-இல் மேன்முறையீட்டிலே தோற்றனர். பின்னர் அவர்களின் மகள், தாயின் பெயரையே கொண்ட மேரி பட்லர், மீண்டும் வழக்குத் தொடுத்து 1787-இல் வென்றார். 1791-இல் அத்தீர்ப்பு மேன்முறையீட்டிலும் நிலைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த மூதாட்டி ஒருத்தியைப் பற்றி அயலவர் நினைவிற் கொண்டிருந்த செய்திகளே அங்கு சாட்சியமாயின. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் வாய்மொழியாகப் பேணிய குடிவரலாறு, நீதிமன்ற ஏட்டிலே ஏறியது.

இவ்வெற்றியின் எல்லையை 1806-ஆம் ஆண்டு வேர்ஜீனியாவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று துலக்கமாகக் காட்டுகின்றது. ரைட் என்ற குடும்பத்துப் பெண்கள், தாம் அமெரிக்கப் பழங்குடித் தாயொருத்தியின் வழிவந்தோர் எனக் கூறி விடுதலை கோரினர். முதலில் விசாரித்த நீதிபதி ஜோர்ஜ் வித் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அவர் கூறிய காரணங்களுள் ஒன்று புரட்சிகரமானது. சுதந்திரம் மனிதர் எல்லோர்க்கும் பிறப்புரிமை என்று 1776-ஆம் ஆண்டு உரிமைப் பிரகடனம் கூறுவதால், ஒருவரை அடிமை என்று கூறுபவரே அதனை நிரூபிக்கக் கடமைப்பட்டவர் என்றார் அவர். மேன்முறையீட்டு நீதிமன்றம் ரைட் குடும்பத்தினரை விடுவித்தது. ஆனால் வித்தின் அக்கொள்கையை ஆபிரிக்க வழித்தோன்றல்களுக்குப் பொருந்தாதெனத் தள்ளியது. வெள்ளையராகவோ பழங்குடியினராகவோ தோன்றுவோர் சுதந்திரர் என்றும், கறுப்பராகத் தோன்றுவோர் அடிமைகள் என்றும் அனுமானிக்கப்பட்டனர். வாசலில் நின்ற சிலர் உள்ளே அழைக்கப்பட்டனர். அவர்களுக்குப் பின்னால் நின்ற பெருந்திரளின் முன் கதவு முன்னிலும் இறுக்கமாகச் சாத்தப்பட்டது.

பிறப்பை நம்பாது உரிமையை நம்பித் தொடுக்கப்பட்ட வழக்குகளும் உள. மாசசூசெற்ஸ் மாநிலத்தின் 1780-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மனிதர் யாவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர் என அறிவித்திருந்தது. இதனை ஆதாரமாகக் கொண்டு பெற் என்ற அடிமைப் பெண் 1781-இல் வழக்குத் தொடுத்தார். யூரிமார் அவரையும் அவருடன் வழக்காடிய புரோம் என்பவரையும் விடுவித்து, முப்பது சிலிங் நட்டஈடும் வழங்கினர். பெற் அதன் பின்னர் எலிசபெத் பிறீமன் என்ற பெயரைப் பூண்டார். 1783-இல் குவொக் வோக்கர் தொடர்பான வழக்கிலே பிரதம நீதியரசர் வில்லியம் குஷிங் அடிமைமுறை அவ்வரசியலமைப்புக்கு முரணானது என யூரிமாருக்கு எடுத்துரைத்தார். ஒருவர் வெல்ல ஒரு மாநிலத்தின் அடிமைமுறையே ஆட்டங்கண்டது.

இவ்வேறுபாட்டுக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. மாசசூசெற்ஸ் சிறு பண்ணைகளையும் கடல் வணிகத்தையும் சார்ந்தது. அடிமைகள் அங்கு மிகச் சிறுபான்மையினர். வேர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களோ அடிமை உழைப்பின்றி நிலைத்திருக்க முடியாதவை. 1795-இல் வேர்ஜீனியா, தோல்வியுறும் விடுதலை வழக்குக்குத் துணை நின்றோருக்கு நூறு டொலர் தண்டம் விதித்தது. 1846-இல் சென் லூயிஸ் நகரிலே டிரெட் ஸ்கொட்டும் அவர் மனைவி ஹரியற்றும் தனித்தனியே வழக்குத் தொடுத்தனர். ஹரியற்றின் நிலையிலேயே அவர்களின் இரு பெண் பிள்ளைகளின் எதிர்காலமும் தங்கியிருந்தது. கீழ் நீதிமன்றத்திலே 1850-இல் பெற்ற வெற்றி 1852-இல் பறிக்கப்பட்டது. 1857-இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிகளாக முடியாது எனத் தீர்த்தது. பருத்தியின் விலையும் நீதியின் நிறையும் ஒரே தராசில் இருந்தன எனின் மிகையாகாது.

2. தேசவழமையும் இலங்கை அடிமைகளும்

இனி நமது நாட்டை நோக்குவோம். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இலே தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனிப் பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்ற பெயர்கள் அங்கு அடிமை வகுப்புகளாகப் பதிவாயின. வெவ்வேறு எசமானர்க்குரிய ஆணும் பெண்ணும் கூடிப் பெற்ற பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே உரியர். வேர்ஜீனியாவின் விதி இங்கும் நிற்கின்றது. அடிமை ஒருவரை விடுவிக்க விரும்பும் எசமான் அதனைத் தேவாலயத்திலே மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிக்க வேண்டும். பிறருக்கு அச்சொத்தில் உரித்துண்டா என அறிவதே அவ்வறிவிப்பின் நோக்கம்.

பேச்சு வழக்கிலும் வட்டார வழக்கிலும் இருந்த உறவுகளை எழுத்திலே இறுக்கியது ஒல்லாந்த ஆட்சி என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. பஞ்சகாலங்களிலே சோழமண்டலக் கரையிலிருந்து விலைக்கு வாங்கி இலங்கைக்குக் கொணரப்பட்ட மக்களும் இவ்வமைப்பினுள் அடக்கப்பட்டனர். 1806-இல் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்ட வலுவளித்தபோது அடிமை உடைமையும் அதனோடு சேர்ந்தே உறுதி பெற்றது. சாதியம் புராதனமானது, மாற்றமற்றது எனக் கூறுவோர், அதன் ஒரு பகுதியேனும் குடியேற்ற அரசின் எழுதுகோலால் வரையப்பட்டது என்பதை மறந்துவிடுகின்றனர்.

இலங்கையிலும் அடிமைகள் மௌனமாக இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலக் கொழும்பு நீதிச் சபையின் ஏடுகளிலும் ஆங்கிலேயர் கால வழக்கேடுகளிலும் மனுக்களிலும் அவர்தம் குரல் பதிவாகியுள்ளது. நீரா விக்கிரமசிங்க 2020-இலே வெளியிட்ட ஆய்வு, இத்தகைய ஏடுகளைக் கொண்டே இலங்கை அடிமைகளின் எதிர்ப்பை மீட்டெடுத்துக் காட்டியது. அடிமைமுறை எமது நாட்டில் மென்மையானதாக இருந்தது என்ற பழைய கூற்றை இவ்வேடுகள் ஐயத்துக்குள்ளாக்குகின்றன. மென்மையான தளையை அறுக்க எவரும் நீதிமன்றப் படியேறார்.

பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியினால், 1816 ஓகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என அடிமை உடைமையாளர் பலர் அறிவித்தனர். 1818-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஒழுங்குவிதி, அடிமைகளைப் பதிவு செய்தலைக் கட்டாயமாக்கியது, பதியப்படாதோர் சுதந்திரர். ஓர் அடிமையைப் பலர் கூட்டாக உடைமை கொள்ளும் யாழ்ப்பாண வழக்கமும் இதனால் நீக்கப்பட்டது. நிரூபிக்கும் பொறுப்பு எசமான்மேற் சுமத்தப்பட்டமை இதன் சிறப்பாகும். வேர்ஜீனியாவில் வித் கூறித் தோற்ற கொள்கையின் ஒரு கூறு, இங்கு பதிவேட்டின் வாயிலாக உள்ளே நுழைந்தது. ஆனால் அதே பதிவேடு, பதியப்பட்டவரை முன்னிலும் உறுதியாகக் கட்டியது.

1821-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க ஒழுங்குவிதி இன்னும் ஆழ்ந்த ஆய்வுக்குரியது. கோவியர், நளவர், பள்ளர் ஆகிய அடிமை வகுப்புகளிற் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கம் பிறப்பிலேயே விலைகொடுத்து மீட்டது. விலை இரண்டு அல்லது மூன்று இறைசால். ஏன் பெண் குழந்தைகளை மட்டும்? தாய்வழி விதியே விடை. பெண்ணை விடுவித்தால் அவள் வயிற்றிற் பிறப்போர் யாவரும் விடுபடுவர். ஆண் அடிமைகள் தம் வாழ்நாளோடு முடிவர். எசமானின் அன்றைய உழைப்புக்குக் குறைவில்லை. அரசுக்குச் செலவும் சிறிது. வியப்பு யாதெனில், ரைட் வழக்கின் நீதிபதிகளுள் ஒருவரான சென் ஜோர்ஜ் டக்கர் 1796-இலே இதே திட்டத்தை வேர்ஜீனியாவுக்கு முன்மொழிந்திருந்தார். அங்கு அது ஏற்கப்படவில்லை. இரு கடல்களின் கரைகளிலே ஆளும் வர்க்கத்தின் சிந்தனை ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தது. தாயை விட்டுவிட்டு மகளை வாங்கும் கணக்கு அது. தன் மகள் சுதந்திரப் பிரசை, தான் இன்னும் அடிமை என்ற நிலையில் வாழ்ந்த தாய்மாரின் மனநிலையை எந்த ஒழுங்குவிதியும் பதிவு செய்யவில்லை.

3. சட்ட விடுதலையும் சமூக விடுதலையும்

1844-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையிலே அடிமைமுறையை முற்றாக ஒழித்தது. அதற்கு முன்னைய ஆண்டிலே இந்தியாவில் நிறைவேறிய 5-ஆம் இலக்கச் சட்டம், அடிமை உரித்தை எந்த நீதிமன்றமும் அங்கீகரிக்கலாகாது என்று விதித்தது. இரண்டும் விடுபட்டவனுக்கு ஒரு பரப்பு நிலத்தையும் வழங்கவில்லை. கிணறும் தோட்டமும் பனங்காணியும் பழைய எசமானிடமே இருந்தன. அடிமை என்ற பெயர் நீங்கக் குடிமை எஞ்சியது. கிழக்கிலும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ கூறும் சிறைக்குடிகள் பற்றிய நினைவு, போடியார் நிலவுடைமையின் கீழ் வேறு வடிவங்களில் நீடித்தது.

ஆகவேதான் நூறாண்டுகளின் பின்பும் அதே வாசலில் மக்கள் நிற்க வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டளவில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமுமே அச்சட்டத்துக்கு உயிரூட்டின. கோயில் நுழைவைத் தடுத்தமைக்காகத் தண்டிக்கப்பட்ட முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம், இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றும் 1971-இலே தோற்றார். இம்முறை பழைய வழமையைச் சான்றாகக் காட்ட வேண்டியவர் தடுத்தவரே. வாசலில் நின்றவர்கள் தம் தாய் யார், பாட்டி யார் என்று எவருக்கும் கூறவில்லை.

விடுதலை வழக்குகளின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவேயாகும். பிறப்பைச் சான்றாகக் காட்டி வென்றவர், தாம் தவறான பக்கத்தில் வைக்கப்பட்டவர் என நிரூபித்தார்; வேலி அவ்வாறே இருந்தது. பிறப்பு ஒரு சான்றே அன்று என வாதிட்டவர் வேலியின்மீதே கைவைத்தார். முன்னையதை இழிவாகக் கருதுதல் நமக்கு ஒவ்வாது. மேரி பட்லருக்கு வேறு கருவி இருக்கவில்லை. அக்கருவியைக் கொண்டு அவர் தம் பிள்ளைகளை மீட்டார். ஆயினும் தனி ஒருவரின் வழக்கு மக்கள் இயக்கத்தோடு இணையும்போதே சட்டம் தன் வர்க்க எல்லையைத் தாண்ட நிர்ப்பந்திக்கப்படுகின்றது.

நம் கரையூர்களிலே தாயின் குடியைப் பெருமையோடு கூறுகின்றோம். அதனை வரலாற்றுணர்வோடு கூறுவதே நமது கடன். தாயின் பெயர் மகளுக்கு வீட்டைத் தரும் ஊரிலும், அதே பெயர் வேறொருவர் மகளை வாசலுக்கு வெளியே நிறுத்துகின்றதா என்ற வினா எழுப்பப்பட வேண்டும். அவ்வினாவுக்கு விடை ஏடுகளில் மட்டும் கிடைக்காது. வயலிலும் கிணற்றடியிலும் திருமணப் பேச்சிலும் தேடப்பட வேண்டியது அது.