ஆள்குறைப்பும் ஆபத்தின் இடமாற்றமும்: நியூசிலாந்து அரசுக் காடுகளில் ஒப்பந்த முறை

அரசுத் துறையொன்றில் ஆள்தொகை குறைந்தால் ஒரு சாரார் சிக்கனம் என்பர். மறுசாரார் வேலைப்பறிப்பு என்பர். இரண்டுமே தலைகளை எண்ணும் வாதங்கள். நியூசிலாந்து வனத்துறையின் கலைப்பை ஆராய்வோர் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. காட்டு வேலையின் ஆபத்து யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதையும் கேட்க வேண்டும்.

1919இல் தொடங்கிய அத்துறை, வடதீவின் கைங்காரோவா சமவெளியில் ரேடியாட்டா பைன் மரங்களைப் பெருமளவில் நட்டது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்களும் நிவாரணக் கூலிக்கு அந்த நடவில் ஈடுபட்டனர். பிழைப்புக் கொடுப்பதும் வனத்துறையின் வேலை என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. முருபாரா, மிங்கினுயி போன்ற ஊர்கள் காட்டு வேலையை நம்பியே வளர்ந்தன. தொழிலாளர்களில் பூர்வகுடியினரான மாவோரிகள் கணிசமானோர்.

1984இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு இதை வேறு கண்ணால் பார்த்தது. மர வணிகம், இயற்கைப் பாதுகாப்பு, வேலை வழங்கல் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் கலந்திருந்ததால் மரத்தில் லாபமா நட்டமா என்றே தெரியவில்லை என்பது அதன் குறை. அந்தக் குறை நியாயமானதே. பழைய துறையை ஏக்கத்தோடு எழுதுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். 1986ஆம் ஆண்டின் அரசு நிறுவனங்கள் சட்டத்தைத் தொடர்ந்து, 1987 ஏப்ரல் 1 அன்று துறை கலைக்கப்பட்டது. வணிகக் காடுகள் ஒரு கழகத்துக்கும், பாதுகாப்புப் பணி புதிய துறைக்கும், கொள்கைப் பணி அமைச்சகத்துக்கும் போயின. ஏறத்தாழ 7,000 பேரில் பாதிக்கும் குறைவானவர்களையே கழகம் எடுத்துக்கொண்டது.

மரங்களோ வளர்ந்துகொண்டுதான் இருந்தன. கவாத்து, வெட்டு, மறுநடவு எதையும் தள்ளிப்போட முடியாது. ஆகவே வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் பணிநீக்க இழப்பீட்டை வாகனத்திலும் இயந்திரத்திலும் போட்டு, ஒப்பந்தக்காரர்களாக அதே காட்டுக்குத் திரும்பினர். மற்றவர்கள் வேலையற்றோர் பட்டியலில் சேர்ந்தனர். இப்போது கூலி டன் கணக்கில், ஹெக்டேர் கணக்கில். மழையால் வேலை நின்றாலும் இயந்திரம் பழுதானாலும் நட்டம் ஒப்பந்தக்காரருடையது. ஏற்றுமதி விலை சரிந்தால் முதலில் நிறுத்தப்படுவது அவருடைய குழுதான். மாதச் சம்பளக்காரரைப் போல, பலத்த காற்றடிக்கிறது, இன்று வெட்ட வேண்டாம் என்று அவரால் எளிதில் முடிவெடுக்க முடியாது. துறை தன் செலவில் அளித்துவந்த தொழிற்பயிற்சியும் சிறு ஒப்பந்தக்காரரின் சக்திக்கு மீறியதாயிற்று.

1990 முதல் அரசு மரவெட்டு உரிமைகளைத் தனியாருக்கு விற்றது. ஒப்பந்த அடுக்கு மேலும் நீண்டது. 2013இல் மட்டும் காட்டு வேலையில் 10 பேர் உயிரிழந்தனர். தொழிற்சங்கப் பேரவைத் தலைவர் ஹெலன் கெல்லி இதைத் தேசியப் பிரச்சினையாக்கினார். 2014இல் சுயேச்சைக் குழு ஒன்று வனத்தொழிலின் பாதுகாப்பை ஆய்வு செய்து அறிக்கை தந்தது.

வெட்டுத் தொழில் எக்காலத்திலும் ஆபத்தானது. துறை இருந்தபோதும் விபத்துகள் நடந்தன. மரணங்கள் அனைத்தையும் 1987இன் தலையில் கட்டுவது ஆய்வாகாது. ஆனால் ஆபத்தைக் குறைக்கும் பணபலமும் அதிகாரமும் மேல்மட்டத்தில் இருக்க, ஆபத்து மட்டும் கீழே இறங்கியது. இது அந்த ஒப்பந்த அமைப்பின் நேரடி விளைவே. 2015ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளர் பாதுகாப்புக்கான பொறுப்பை ஒப்பந்தத்தின் வழியே பிறர்மேல் தள்ளிவிட முடியாது என்று விதித்தது. 1987இலேயே இந்த விதி இருந்திருந்தால், ஒப்பந்த முறையை எதிர்க்கப் பாதிக் காரணம்கூட இருந்திராது.