கறுப்பு போனா பாதுகாப்பும் போச்சா? கைத்துப்பாக்கியின் மேற்பூச்சு எவ்வளவு நாள் தாங்கும்? முழு விளக்கம்

இடுப்பு உறையில் வருஷக்கணக்கில் இருந்த பிஸ்டலை எடுத்துப் பார்த்தால், முனையிலும் விளிம்புகளிலும் கறுப்பு நிறம் போய் வெள்ளியாகப் பளபளக்கும். "பூச்சு போயிடுச்சு, இனி துருப்பிடிச்சிடும்" என்றுதான் பலரும் நினைப்பார்கள். சில துப்பாக்கிகளில் அது உண்மை. வேறு சிலவற்றில் நிறம் மட்டும்தான் போயிருக்கும், பாதுகாப்பு அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் பாலிஷ் போட்டவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டவும் வாய்ப்பு உண்டு.

எந்தப் பூச்சு எப்படி வேலை செய்கிறது? எது எவ்வளவு தாங்கும்? பார்க்கலாம்.

பூச்சு எதுக்கு?

கைத்துப்பாக்கியின் பேரல், மேல்பகுதியான ஸ்லைடு, உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பாகங்கள் எல்லாம் பெரும்பாலும் எஃகு. எஃகுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று துரு. வியர்வையில் உப்பு இருக்கிறது, கடற்காற்றிலும் உப்பு இருக்கிறது. உடம்போடு ஒட்டியிருக்கும் ஆயுதத்துக்கு இந்த இரண்டிலிருந்தும் தப்பிப்பது கஷ்டம். இன்னொன்று தேய்மானம். உறையில் போட்டு எடுக்கும்போதும், சுடும்போது ஸ்லைடு முன்னும் பின்னும் ஓடும்போதும் உலோகம் உரசிக்கொண்டே இருக்கும்.

துரு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தோட்டா உட்காரும் அறையில் துரு அரித்துக் குழி விழுந்தால், சுட்ட பிறகு காலி குப்பி வெளியே வராமல் சிக்கலாம். ஊசி ஓடும் பாதையில் துரு ஏறினால் தோட்டா வெடிக்காமலே போகலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ப்ளூயிங்: எண்ணெய் இருந்தால்தான் காவல்

பழைய துப்பாக்கிகளில் தெரியும் அந்த நீலம் கலந்த கறுப்புக்குப் பெயர் ப்ளூயிங். இது பெயின்ட் இல்லை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிக்கும் கரைசலில் எஃகை முக்குவார்கள். மேற்பரப்பில் இருக்கும் இரும்பு, மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். அதாவது கெட்ட துரு வருவதற்கு முன்பே, கட்டுப்பாட்டோடு ஒரு 'நல்ல துரு'வை வரவைக்கிறார்கள்.

பிரச்னை என்னவென்றால், இந்தப் படலத்தின் தடிமன் சுமார் 2.5 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. உறையில் உரசியே தேய்ந்துவிடும். படலம் முழுசாக இருந்தாலும் தனியாக நின்று துருவைத் தடுக்காது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. எண்ணெய் காட்டாமல் விட்ட தோசைக்கல் என்ன ஆகுமோ, அதேதான் இதற்கும்.

பார்க்கரைசிங்: அழகில்லை, ஆனால் உழைக்கும்

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1915-ல் தொடங்கப்பட்ட பார்க்கர் ரஸ்ட்-ப்ரூஃப் நிறுவனத்தின் பெயரால் வந்தது பார்க்கரைசிங். பாஸ்பாரிக் அமிலத்தோடு துத்தநாகம் அல்லது மாங்கனீஸ் சேர்த்த சூடான கரைசலில் எஃகை முக்கினால், சொரசொரப்பான சாம்பல் நிறப் படலம் உருவாகும். நுண்ணிய படிகங்களால் ஆன இந்தப் படலம், பஞ்சு மாதிரி எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய 1911ஏ1 பிஸ்டல்களில் இதுதான் இருந்தது. ப்ளூயிங்கைவிட நன்றாகத் தாங்கும், வெளிச்சத்தில் மின்னாது, செலவும் குறைவு. ஆனால் இதுவும் எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது.

நிக்கல், குரோம்: பளபளப்புக்கு அடியில் என்ன?

19-ம் நூற்றாண்டு ரிவால்வர்களில் நிக்கல் முலாம் ரொம்பப் பிரபலம். ப்ளூயிங்கைவிட துருவை நன்றாகத் தடுக்கும். ஆனால் எங்காவது ஒரு கீறல் விழுந்து ஈரம் உள்ளே போனால், முலாமுக்கு அடியில் துரு பரவி, மேலே இருப்பது செதில் செதிலாக உரியும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு! சில துப்பாக்கிகளில் நிக்கலுக்கு அடியில் செம்பு முலாம் இருக்கும். அம்மோனியா கலந்த க்ளீனர் செம்பைக் கரைக்கும் என்பதால், அதைப் போட்டுத் துடைப்பதும் ஆபத்து.

ஹார்டு குரோம் இன்னும் கடினம். தேய்மானத்தை அருமையாகத் தாங்கும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கும், உப்பு நீர் அதன் வழியே இறங்கலாம். முலாம் பூசும் தொட்டியில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. நம்ம ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் இதே வகை குரோமியம்தான். அதனாலேயே பல நாடுகள் இதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன.

நைட்ரைடிங்: நிறம் போனாலும் பாதுகாப்பு போகாது

1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17 பிஸ்டல் இந்த விஷயத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் உடல்தான் அன்று எல்லோரும் பேசிய விஷயம். ஆனால் ஸ்லைடுக்கும் பேரலுக்கும் செய்த டெனிஃபர் என்ற சிகிச்சையும் அதே அளவு முக்கியம்.

500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான உப்புக் கரைசலில் எஃகை வைக்கும்போது, நைட்ரஜனும் கார்பனும் எஃகுக்குள்ளேயே ஊடுருவும். மேலே பூசுவது வேறு, உள்ளே ஊறுவது வேறு. இது ஊறும் ரகம். அதனால் உரிந்து வர வழியே இல்லை. அரம் வைத்துத் தேய்த்தாலும் எளிதில் கீறல் விழாத அளவுக்கு மேற்பரப்பு இறுகிவிடும்.

கறுப்பு நிறம் பெரும்பாலும் அதற்கு மேல் போடும் தனிப் பூச்சு. அது தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தாலும், அடியில் இறுகிய அடுக்கு அப்படியே இருக்கும். இந்த வகைத் துப்பாக்கியை "பூச்சு போச்சு" என்று சொல்லி மறுபூச்சுக்குக் கொடுப்பது வீண் செலவு. அதற்காகத் துருவே பிடிக்காது என்றும் நினைக்கக் கூடாது. பின், ஸ்பிரிங் போன்ற சின்ன பாகங்களுக்கு இந்தச் சிகிச்சை இல்லாமலும் இருக்கலாம்.

செராகோட், டிஎல்சி: புதுசு நல்லதா?

செராகோட் என்பது செராமிக் துகள் கலந்த பாலிமர் பூச்சு. எளிமையாகச் சொன்னால், ரொம்ப உறுதியான பெயின்ட். மணல் வீச்சு மாதிரி உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, ஸ்ப்ரே செய்து, அடுப்பில் சுடுவார்கள். உப்பை நன்றாகத் தடுக்கும், எந்த நிறத்திலும் கிடைக்கும். ஆனால் உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் சீக்கிரம் தேயும். அடிப்படை வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் உரியும்.

டிஎல்சி என்பது வைரம் போன்ற குணமுள்ள கார்பன் படலம். வெற்றிட அறைக்குள் வைத்துப் படியவைப்பார்கள். தடிமன் சில மைக்ரான்தான், ஆனால் மிகக் கடினம். உராய்வும் குறைவு. அடியில் இருக்கும் எஃகு மிருதுவாக இருந்தால் மட்டும் முட்டை ஓடு மாதிரி விரிசல் விடும்.

ஸ்டெயின்லெஸ் வாங்கினால் கவலை இல்லையா?

1965-ல் ஸ்மித் அண்ட் வெஸன் தனது மாடல் 60 என்ற ஸ்டெயின்லெஸ் ரிவால்வரைக் கொண்டுவந்தது. நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் சொந்தக்காரர் மாதிரிதான் இது. குறைந்தது 10.5 சதவீத குரோமியம் கலந்திருப்பதால், மேலே தானாகவே ஒரு காப்புப் படலம் உருவாகும். கீறினாலும் மறுபடி உருவாகும். ஆனால் உப்பு நீர் அந்தப் படலத்தையும் ஊடுருவும். துரு தாமதமாக வரும், வரவே வராது என்று இல்லை.

விளம்பரத்தில் வரும் 'மணி நேரம்' கணக்கு

"இத்தனை மணி நேரம் உப்புச் சோதனையில் தாங்கியது" என்று விளம்பரங்களில் பார்க்கலாம். ஏஎஸ்டிஎம் பி117 என்ற அந்தச் சோதனையில், 35 டிகிரி வெப்பமுள்ள அறையில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனி மாதிரி தொடர்ந்து தெளிப்பார்கள். இரண்டு பூச்சுகளை ஒப்பிட இது உதவும். ஆனால் அந்த மணி நேரத்தை வருஷமாக மாற்றிக் கணக்குப் போட முடியாது. உறையில் உரசுவதை இந்தச் சோதனை அளப்பதே இல்லை.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்புகளும் அதில் இருக்கும். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது இதை மறக்க வேண்டாம். எண்ணெய் காட்டி, உறை இல்லாமல் கொடுப்பது நல்லது.

துடைப்பதற்கு முன் மேகசினைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கைப்பிடிப் பலகைக்கு அடியிலும் பாருங்கள். வியர்வை தங்கி, வெளியே தெரியாமல் துரு வளரும் இடம் அதுதான்.

தெரிந்த முலாம் கடையில் கொடுத்து வாங்குவது கூடவே கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே லைசென்ஸ் வேண்டும். மறுபூச்சுக்கு முன் பாலிஷ் போடும்போது அடையாள எண் தேய்ந்து மறைந்தால் இன்னும் சிக்கல். 8-வது பிரிவின்படி அந்த எண்ணை அழிப்பது குற்றம். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கும் வரை அவரே அழித்ததாகத்தான் சட்டம் கருதும்.

ஆக, நிறம் போயிருக்கிறது என்றால் முதலில் அது எந்த வகைப் பூச்சு என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். ப்ளூயிங் அல்லது பார்க்கரைசிங் என்றால் உடனே எண்ணெய். நிக்கல் உரிந்தால் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை. நைட்ரைடிங் என்றால் துடைத்து, லேசாக எண்ணெய் காட்டி, அப்படியே பயன்படுத்தலாம்.