குச்சிக்கிழங்கும் அதன் இலத்தீன் பெயரும்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் வரை குச்சிக்கிழங்கு என்றால் போதும், விளக்கம் கேட்பார் இல்லை. புத்தகத்தில் அது மரவள்ளி. குமரிப் பக்கம் போனால் மரச்சீனி. இத்தனை பெயர் இருக்க, மேனிஹாட் எஸ்குலெண்டா என்று இன்னொன்றைக் கட்டுரையில் ஏன் நுழைக்க வேண்டும்? அலங்காரத்துக்கென்றால் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே பெயரில் இரண்டு பொருள் மயங்கும் இடத்தில்தான் அதற்கு வேலை.

மாவுப்பூச்சியையே எடுத்துக்கொள்வோம். 2008இல் கோவையில் தென்பட்ட பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று பரவியது. அதை அடக்க 2010இல் ஏசரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்தார்கள். 2020இல் கேரளத்தில் இன்னொன்று தலைகாட்டியது: ஃபெனகாக்கஸ் மேனிஹாட்டி. நம் காட்டுக்கு வந்ததும் அதற்கும் மாவுப்பூச்சி என்றே பெயர். மேலிருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்தால் முன்னது மஞ்சள், பின்னது இளஞ்சிவப்பு. பின்னது பிடித்த செடியில் கணுவிடை குறுகி, நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். பழைய குளவி இதற்கு உதவாது. அனகைரஸ் லோபெசி என்ற வேறு குளவியை வரவழைத்து, 2022இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். "மாவுப்பூச்சிக்குக் குளவி விடுங்கள்" என்று மட்டும் ஒரு துண்டறிக்கை சொன்னால், படிக்கிற விவசாயி எந்தக் குளவியைத் தேடிப் போவார்?

ஜவ்வரிசியிலும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. முதலில் அது மெட்ராக்சிலான் சாகு என்னும் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்து, கப்பலில் வந்த சரக்கு. இரண்டாம் உலகப்போரில் வரத்து நின்றபோதுதான் சேலத்தில் கிழங்கு மாவை உருட்டத் தொடங்கினார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது இந்தக் கிழங்கு ஜவ்வரிசி.

இனி எழுதும் முறை. இலத்தீனில் பேரினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில், இரண்டும் சாய்வெழுத்து. தமிழுக்குப் பெரிய எழுத்து கிடையாது, சாய்வெழுத்தும் அச்சில் கண்ணை உறுத்தும். ஆகவே வாக்கியம்தான் கைகொடுக்க வேண்டும். "மேனிஹாட் எஸ்குலெண்டாவுக்கு உரமிட்டார்" என்று வேற்றுமை உருபை அதன் வாலில் கட்டாமல், "மேனிஹாட் எஸ்குலெண்டா என்னும் மரவள்ளிக்கு" என்று எழுதினால் தமிழ்ப்பெயர் உருபைத் தாங்கிக்கொள்ளும். ஒருமுறை சொன்னபின் கிழங்கென்றே எழுதலாம். சிற்றினப் பெயரை மட்டும் தனியே விடக்கூடாது. எஸ்குலெண்டா என்றால் உண்ணத்தக்கது, சேப்பங்கிழங்கும் கொலகேசியா எஸ்குலெண்டாதான். வெண்டையின் பேரினப் பெயர் இலத்தீனில் ஆண்பால் என்பதால் அங்கே அது எஸ்குலெண்டஸ் ஆகிறது. (வெண்டைக்காயை 'அவன்' என்றால் நம் சந்தையில் சிரிப்பார்கள்.)

பழைய நூல்களில் மேனிஹாட் யூடிலிசிமா என்று கண்டால் வேறு செடி என்று எண்ண வேண்டாம். லின்னேயஸ் 1753இல் இதைக் காட்டாமணக்கின் பேரினத்தில் சேர்த்து ஜட்ரோபா மேனிஹாட் என்றார். 1766இல் கிராண்ட்ஸ் இட்ட பெயரே இன்று நிற்கிறது.

ஆனால் இலத்தீன் பெயர் மட்டும் போதாத இடமும் உண்டு. 'முள்ளுவாடி', 'குங்குமரோஸ்', 'எச்-226' என்ற ரகங்கள் எல்லாமே மேனிஹாட் எஸ்குலெண்டாதான். சேகோ ஆலையில் விலை பேசுவது மாவுச்சத்தின் பாயிண்டை வைத்து. அதில் ரகத்துக்கு ரகம் உள்ள வித்தியாசம் இலத்தீன் பெயரில் தெரியாது. எனவே ரகத்தின் பெயரையும் ஒற்றை மேற்கோளுக்குள் இட்டுச் சேர்த்தே எழுத வேண்டும்.