பாதர் ஹேபியரும் வாவிக்கரைக் கூடைப்பந்தும்

மட்டக்களப்பில் 'வெபர்' என்றால் அது மைதானத்தின் பெயர். மாவட்ட விளையாட்டு விழாவுக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியும்? ஹரல்ட் ஜோன் வெபர் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரி மாணவரை ஓடவும் பாயவும் பந்தெறியவும் பழக்கியவர். அவரோடு அதே சபையில், அதே கல்லூரியில், அதே வேலையைச் செய்த இன்னொருவர் யூஜின் ஜோன் ஹேபியர். வெபரின் பெயரை மைதானம் காத்து நிற்கிறது. ஹேபியருக்கோ ஒரு கல்லறைகூட இல்லை.

1893இல் மட்டக்களப்பையும் சேர்த்துத் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. இரண்டு ஆண்டுகளில் அது பிரெஞ்சு இயேசு சபையினர் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களின் இடத்தை நிரப்ப வந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் இயேசு சபை மாகாணத் துறவிகள். ஹேபியர் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. லூசியானாவும் நெல் விளைகிற, இறால் படுகிற, நுளம்பு மொய்க்கிற சதுப்பு நிலந்தான். அங்கிருந்து வந்தவர்களுக்கு நமது வாவிக்கரை அத்தனை அந்நியமாகப் பட்டிருக்காது. அவர்களில் ஒருவரான லாங் அடிகளார் வாவியின் பாடும் மீன் ஓசையை நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. வந்த இடத்தை இப்படிக் காது கொடுத்துக் கேட்டவர்கள் அவர்கள்.

அமெரிக்கர் என்றால் பேஸ்போலைக் கொண்டு வந்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கு அகன்ற வெளி வேண்டும். கல்லூரி நிற்கும் புளியந்தீவோ பெயருக்கேற்ற தீவு. கோட்டை, கச்சேரி, கோயில்கள், கல்லூரிகள், கடைத்தெரு எல்லாம் நெருங்கிக் கிடக்கும் இடம். கூடைப்பந்துக்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உள்ள ஒரு முற்றம் போதும். பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு பந்து. இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த விளையாட்டைப் பெற்றவரே ஓர் ஆசிரியர்தான். 1891 டிசம்பரில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடந்த பதினெட்டு மாணவரைச் சமாளிக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். விதிகள் பதின்மூன்று. வகுப்பறையின் தேவையில் பிறந்த விளையாட்டு வகுப்பாசிரியர்களின் கையில் வளர்ந்தது பொருத்தமே.

ஹேபியர் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்து பயிற்றுவித்தார். கொழும்புப் பாடசாலைகளின் சொத்தாக இருந்த ஆட்டத்தில் கிழக்கின் பெயரும் ஒலித்தது. வெற்றிக் கிண்ணங்களைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது பயிற்சியின் இயல்பு. வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரம். அது ஆளுக்கேற்ப இறங்கி வராது. ஆகவே முழங்கால் மடிய வேண்டும், முழங்கை உள்ளே ஒடுங்க வேண்டும், பந்து விரல் நுனியை விட்டுப் போகும்போது மணிக்கட்டு முன்னால் விழ வேண்டும். இதையே நூறு தடவை, மறுநாள் இன்னொரு நூறு தடவை. திறந்த வெளி முற்றத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், நேராக எறிந்த பந்து வளையத்துக்குப் போய்ச் சேரும் முன் சற்றே விலகும். பலகையில் பட்டு விழச் செய்யப் பழகியவனே காற்றுள்ள மாலையில் புள்ளி எடுப்பான். ஒரு பயிற்றுவிப்பாளர் ஆண்டுக்கணக்கில் கொடுப்பது இந்தச் சலிப்பூட்டும் அடிப்படைகளைத்தான். அதைச் சலிக்காமல் கொடுக்கத் தெரிந்தவரைத்தான் மாணவர்கள் கிழவர்களான பிறகும் 'பாதர்' என்று சொல்லும்போது குரல் தாழ்த்துகிறார்கள்.

பந்தோடு அவர் நின்றுவிடவில்லை. இளைஞருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் மட்டக்களப்பின் தொழில்நுட்ப நிலையத்தின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. உள்நாட்டுப் போர் முற்றியபோது மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் சேர்ந்து, பிடிபட்டவர்களையும் காணாமற் போனவர்களையும் தேடும் குடும்பங்களுக்காக அலைந்தார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர் முஸ்லிம் குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. பழிக்குப் பழியாகத் தமிழர் கொல்லப்பட்டதும் அந்த நாட்களில்தான். வாவியின் இரு கரையிலும் வீதியில் இறங்க எவரும் துணியாத வேளை அது. 15ஆம் திகதி, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து ஹேபியர் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பின்னால் ஒரு தமிழ் இளைஞன். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை என்று நீளும் அந்த வீதி சுமார் முப்பது கிலோமீற்றர். ஒரு மணித்தியாலப் பயணம். இருவரும் வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 66. அதில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் இந்த மண்ணில் கழிந்தவை.

நியூ ஓர்லியன்ஸில் பிறந்து, அதே 1948இல் வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்த ஹரி மில்லர் அடிகளார், நண்பர் மறைந்த பிறகும் மட்டக்களப்பிலேயே தங்கிக் காணாமற் போனோரின் விபரங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். 2019 ஜனவரி 1ஆம் திகதி அவரும் மறைந்தார். அந்தத் தலைமுறையை நேரில் கண்டு பேச இனி வாய்ப்பில்லை.

ஆனால் அவர்களிடம் பயின்றவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும். எந்த ஆண்டு அணியில் யார் ஆடினார்கள், மாலைப் பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்கியது, பிழை விட்டவனைப் பாதர் எப்படித் திருத்தினார், கொழும்புக்கு ரெயில் ஏறிய இரவில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பழைய படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதுங்கள். ஒரு பக்கமாவது எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.