களுத்துறை தந்த பாடம்

ஒரு குழந்தையைச் சாவிலிருந்து மீட்பது தனியொரு வைத்தியரின் கைத்திறனால் ஆகிற காரியமன்று. இவ்வுண்மைக்கு நம் நாட்டின் வரலாறே சான்று.

1916ஆம் ஆண்டில், றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மருந்து கொடுத்தனர், புழு வெளியேறிற்று. ஆயின் மலசலகூடமில்லாத லயங்களைச் சுற்றி வெறுங்காலுடன் நடந்த தொழிலாளரை அது மீண்டும் பற்றிக்கொண்டது. வாழ்க்கை நிலையிலிருந்து நோயைப் பிரித்தெடுத்து, மருந்தால் மாத்திரம் வெல்ல முடியாதென்பது தெளிவாயிற்று.

இந்த அனுபவத்தின் பின்னரே 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி என்னும் அமைப்பு உருவானது. சுகாதார வைத்திய அதிகாரியின் தலைமையில் தாதியும் மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே பிரதேசத்து மக்களுக்குப் பொறுப்பாயினர். மருத்துவிச்சி கர்ப்பிணியின் வீடுதேடிச் சென்றாள். தாதி தாய்க்குக் குழந்தை வளர்ப்பின் முறைகளைச் சொன்னாள். பரிசோதகர் கிணற்றையும் மலசலகூடத்தையும் கவனித்தார். பாடசாலைப் பிள்ளைகளின் உடல்நலமும் இப்பணியுள் அடங்கிற்று. பதவி வரிசையிற் கடைநிலையில் நின்ற மருத்துவிச்சியே மக்களின் வாசலுக்கு மிக அண்மையில் நின்றாள் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வமைப்பு படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. மலேரியா கொள்ளைகொண்ட 1935இல், பிறந்த ஆயிரம் சிசுக்களில் 263 மடிந்தன, 1946இல் 141, 1960இல் 57. இலவசக் கல்வி, உணவு மானியம், மலேரியா ஒழிப்பு ஆகியவையும் இவ்வெற்றியிற் பங்குடையன.

ஆனால் கொக்கிப்புழு இயக்கம் முதலிற் கால்வைத்த தோட்டங்களை இக்கூட்டுப்பணி கடைசியாகவே எட்டிற்று. அங்கே மருந்துக்காரரும் பிள்ளைக்காம்பராவின் ஆயாவும் துரைமாரின் சம்பளப் பட்டியலில் இருந்தனர். தாய்மாரின் நலம் தோட்டத்தின் வரவு செலவுக் கணக்கில் ஒரு செலவினமாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியபின், அவர்களுக்காக அரசை வற்புறுத்த வாக்குப் பலமும் இல்லாதொழிந்தது. 1974இலும் தோட்டங்களின் சிசுமரண விகிதம் நாட்டின் சராசரியைப்போல் இருமடங்கைத் தாண்டி நின்றது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே பொதுச் சுகாதாரச் சேவை அங்கு மெல்ல நுழையலாயிற்று.

பல தொழிலினர் கைகோத்தால் குழந்தைகள் பிழைக்கும் என்பது களுத்துறை தந்த பாடம். அக்கைகள் எந்த வாசலைத் தட்டும், எதைத் தாண்டிச் செல்லும் என்பதை அதிகாரமே தீர்மானிக்கிறது என்பது தோட்டங்கள் தந்த பாடம். வகுப்பறையிற் பசியால் தலைசாயும் பிள்ளையை நாள்தோறும் காணும் ஆசிரியருக்கு இவ்விரு பாடங்களும் வேண்டும். அப்பிள்ளையின் வீட்டுக்குச் செல்லும் குடும்பநல மாதுவோடு நாம் என்றேனும் பேசியிருக்கிறோமா?